நிறமாலையில் எங்கே கோடு போடுவது?

சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் எனப்படும் பாதரச சல்பைடு அடர்ந்த சிவப்பு. ஓவியர்கள் குழைக்கும் காட்மியம் சல்பைடு பளிச்சென்ற மஞ்சள். சுவர்ப் பெயின்ட்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு தூய வெள்ளை. சூரிய மின்பலகைக்குள் இருக்கும் சிலிக்கான் கருஞ்சாம்பல். இந்த நான்கும் குறைக்கடத்திகள். நான்கின் நிறத்துக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்ட ஒளியை விழுங்கிவிடும், அதற்குக் குறைந்த ஒளியைத் தொடாமல் விட்டுவிடும்.

திண்மப் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் நினைத்த ஆற்றல் நிலையில் இருந்துவிட முடியாது. அணுக்களோடு பிணைந்து கிடப்பவை இணைதிறன் பட்டையில் இருக்கும். விடுபட்டு ஓடித் திரிபவை கடத்து பட்டையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எலக்ட்ரானுக்கு இடமே கிடையாது. வாய்க்காலைத் தாண்டுகிறவர் ஒரே தாவலில் அக்கரைக்குப் போயாக வேண்டும், பாதியில் கால் ஊன்ற முடியாது என்பதைப் போல, எலக்ட்ரானும் அந்த இடைவெளியை ஒரே எட்டில் கடக்க வேண்டும். ஓர் ஒளித்துகள் கொண்டுவரும் ஆற்றல் அதற்குப் போதுமானால் எலக்ட்ரான் அதை வாங்கிக்கொண்டு மேலே போகும். போதாவிட்டால் ஒளி பொருளைக் கடந்து போய்விடும், அல்லது சிதறித் திரும்பும். தாண்ட வேண்டிய இந்த அளவுக்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர்.

கணக்கு எளிது. 1240 என்ற எண்ணை, நானோமீட்டரில் சொல்லப்படும் அலைநீளத்தால் வகுத்தால், அந்த ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சாதிலிங்கத்தின் இடைவெளி சுமார் 2.0 எலக்ட்ரான் வோல்ட். அப்படியானால் 620 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்கள் எல்லாம், அதாவது ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம், அதற்குள் மறைந்துவிடும். மிஞ்சுவது சிவப்பு. காட்மியம் சல்பைடுக்கு 2.4. ஊதாவும் நீலமும் போய், மிச்சமிருக்கும் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு 3.2. அது விழுங்கும் ஒளி புற ஊதாவில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் சிதறித் திரும்புகிறது, பொடி வெள்ளையாக இருக்கிறது. சிலிக்கானுக்கு 1.12 மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் அத்தனை நிறங்களும் அதற்கு இரையாகும்.

ஒரு பொருளைச் சூரிய மின்கலத்துக்கு எடுக்கலாமா, எல்.இ.டி. விளக்கில் எந்த நிறம் வரும், சூரிய ஒளியால் நீரைப் பிளக்க அது உதவுமா என்று முடிவெடுக்க வேண்டியவர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். அதைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் நாடுவது புற ஊதா – கண்ணுறு நிறமாலைமானியை. யு.வி. விசிபிள் என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பெட்டி சில நிமிடங்களில் ஒரு வளைகோட்டைத் தந்துவிடும். ஆனால் அந்த வளைகோட்டில் எங்கும் ஆற்றல் இடைவெளி எழுதியிருக்காது. அதைப் படித்தெடுப்பது மனிதரின் வேலை. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இப்படிப்பட்ட கருவிகள் பரவலாகக் கைக்கு வந்தது 1941-க்குப் பிறகு. அமெரிக்காவின் பாசடீனாவில் ஆர்னால்ட் பெக்மனின் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட டி.யு. நிறமாலை ஒளிமானி, புற ஊதா ஒளியையும் நம்பகமாக அளக்கும் வசதியை வேதியியலாளர்களுக்குக் கொடுத்தது. உணவில் உள்ள வைட்டமின் ஏ-யை அளக்கப் போர்க்காலத்தில் அது பெரிதும் பயன்பட்டது. இன்றைய கருவிகளிலும் அடிப்படை மாறவில்லை. டியூட்டீரியம் விளக்கு புற ஊதா ஒளியைத் தரும், டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு மற்ற பகுதியைத் தரும். பெரும்பாலான கருவிகள் 190 முதல் 1100 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளமாக மாதிரிக்குள் செலுத்தி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒப்பிடும். உறிஞ்சல் அளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி வெளியே வந்திருக்கிறது. 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் போனால் பல கருவிகளில் உள்ளே அலையும் வேண்டாத ஒளியே அளவீட்டைக் கெடுத்துவிடும். வளைகோட்டின் உச்சி தட்டையாகிப் போகும்.

வளைகோட்டை நீண்ட அலைநீளங்களின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், முதலில் அது ஏறக்குறைய சுழியில் படுத்திருக்கும். பிறகு ஓரிடத்தில் எழும்பத் தொடங்கிச் செங்குத்தாக ஏறும். உறிஞ்சல் தொடங்கும் இடம், அதாவது உறிஞ்சல் விளிம்பு, இதுதான். மிக எளிய முறையில், செங்குத்தாக ஏறும் பகுதிக்கு ஒரு தொடுகோடு வரைவார்கள். படுத்திருக்கும் பகுதியை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் அலைநீளத்தால் 1240-ஐ வகுக்க வேண்டியதுதான். 387 நானோமீட்டரில் வெட்டினால் 3.20 எலக்ட்ரான் வோல்ட். பென்சிலும் அளவுகோலும் போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோடு 5 நானோமீட்டர் நகர்ந்தால் 387-க்கு அருகில் விடை ஏறக்குறைய 0.04 எலக்ட்ரான் வோல்ட் மாறும். அதே 5 நானோமீட்டர் 800-க்கு அருகில் 0.01 அளவுக்குத்தான் மாற்றும். அலைநீளமும் ஆற்றலும் தலைகீழ் உறவில் இருப்பதால், புற ஊதாப் பகுதியில் கை நடுங்கினால் விலை அதிகம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. எழும்பும் இடம் மாதிரியின் தடிமனைப் பொறுத்து நகரும். தடித்த படலத்தில் விளிம்புக்கு அப்பாலுள்ள மெல்லிய உறிஞ்சலும் கூடிக்கொண்டு தெரியும். அதனால் ஒரே பொருளின் தடித்த படலம், மெல்லிய படலத்தைவிடக் குறைந்த இடைவெளி கொண்டதுபோலக் காட்டும். பொருளின் இயற்பியலை நேரடியாகத் தொடும் ஒரு முறை தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர்களில் ஒருவர் யான் டௌட்ஸ். 1922-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, ஜெர்மானியத்தின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் அவர். 1966-இல் ருமேனிய அறிவியலாளர்கள் ராடு கிரிகொரோவிச், அனினா வான்கு ஆகியோருடன் சேர்ந்து, படிக ஒழுங்கற்ற ஜெர்மானியத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்று அவர் பெயரை ஆங்கில வழக்கில் உச்சரித்து டாக் பிளாட் என்று ஆய்வுக்கூடங்கள் அழைக்கும் வரைபடத்தின் ஊற்று. ஓரலகு தடிமனுக்கான உறிஞ்சலை, அதாவது உறிஞ்சல் கெழுவை, ஒளித்துகளின் ஆற்றலால் பெருக்க வேண்டும். அதற்கு வர்க்கமோ வர்க்கமூலமோ எடுக்க வேண்டும். அதை ஆற்றலுக்கு எதிராக வரைந்தால், விளிம்புக்கு மேலே ஒரு நேர்கோட்டுப் பகுதி தோன்றும். அதைக் கீழே சுழி வரை நீட்டினால், அது தொடும் ஆற்றலே இடைவெளி.

வர்க்கமா, வர்க்கமூலமா என்பதைப் பொருளே முடிவு செய்கிறது. காலியம் ஆர்சனைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற நேரடி இடைவெளிப் பொருள்களில் எலக்ட்ரான் ஒளியை வாங்கி நேராக மேலே போகலாம். அவற்றுக்கு வர்க்கம். சிலிக்கான் போன்ற மறைமுக இடைவெளிப் பொருள்களில் எலக்ட்ரான் தன் உந்தத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒளியால் அந்த உந்தத்தைத் தர முடியாது, அணிக்கோவையின் அதிர்வு உதவ வேண்டும். ஆகவே விளிம்பருகே உறிஞ்சல் பலவீனமாக இருக்கும். அவற்றுக்கு வர்க்கமூலம். டௌட்ஸ் எடுத்துக்கொண்ட ஒழுங்கற்ற பொருள்களுக்கும் வர்க்கமூலம்தான் பொருந்தும். அங்கே காரணம் மட்டும் வேறு: படிக ஒழுங்கு இல்லாததால் உந்த விதியே தளர்ந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு தாளோடு நின்றுவிடுவதில்லை. சிலிக்கான் தகடு நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால்தான் ஒளியைப் போதிய அளவு பிடிக்கும். நேரடி இடைவெளி கொண்ட காட்மியம் டெல்லுரைடுக்குச் சில மைக்ரோமீட்டர் படலமே போதும். 2024 ஜனவரியில் சென்னைக்கு அருகே திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, இந்த மென்படலத்தைக் கண்ணாடி மேல் படியவைத்துத்தான் மின்பலகைகளைத் தயாரிக்கிறது.

பொடியாக இருக்கும் மாதிரிக்குள் ஒளி நேராகக் கடந்து போகாது. அதற்கு உட்புறம் வெண்மையாகப் பூசிய கோளம் ஒன்றைப் பயன்படுத்தி, சிதறித் திரும்பும் ஒளி முழுவதையும் திரட்டி அளப்பார்கள். எதிரொளிப்பிலிருந்து உறிஞ்சலுக்குப் போக, 1931-இல் பால் குபெல்காவும் ஃபிரான்ஸ் முங்கும் உருவாக்கிய சமன்பாடு துணைக்கு வரும். அவர்கள் அப்போது ஆராய்ந்தது பெயின்ட் பூச்சுகளின் ஒளியியலை. அந்த வழி இன்று ஒளிவினையூக்கிப் பொடிகளின் ஆய்வில் அன்றாடக் கருவி.

விளிம்பைக் கவனித்தே பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததும் உண்டு. சோவியத் நாட்டில் அலெக்ஸி எகிமோவ், தாமிர குளோரைடு கலந்த கண்ணாடியை வெவ்வேறு வெப்பநிலைகளில் வெவ்வேறு நேரம் சூடாக்கினார். கண்ணாடிக்குள் உருவான நுண்படிகங்கள் சிறுக்கச் சிறுக்க உறிஞ்சல் நீலப் பக்கம் நகர்வதைக் கண்டார். 1981-இல் அதை வெளியிட்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புருஸ், கரைசலில் மிதக்கும் காட்மியம் சல்பைடு துகள்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். மேசைமேல் விட்டுவைத்த துகள்களின் ஒளிப் பண்பு மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்திருக்குமோ என்ற ஐயத்தில், புதிதாகச் செய்த 4.5 நானோமீட்டர் துகள்களையும் வளர்ந்துபோன 12.5 நானோமீட்டர் துகள்களையும் ஒப்பிட்டார். பெரியவை வழக்கமான காட்மியம் சல்பைடு உறிஞ்சும் அதே அலைநீளங்களை உறிஞ்சின. சிறியவற்றின் விளிம்பு நீலப் பக்கம் தள்ளியிருந்தது. பொருள் அதேதான், அளவு மட்டுமே மாறியிருக்கிறது. குவாண்டம் புள்ளிகள் பற்றிய அறிவு அப்படிப் பிறந்தது. 2023-இல் இருவருக்கும், சீரான அளவில் புள்ளிகளைத் தயாரிக்கும் வழியைக் கண்ட மௌங்கி பவேண்டிக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே விளிம்பு ஆண்டுக்கணக்கில் உலகத்தைத் தவறான எண்ணோடு இருக்கவைத்ததும் உண்டு. இண்டியம் நைட்ரைடின் கதை அது.

1986-இல் சிட்னியின் மெக்வாரி பல்கலைக்கழகத்தில் தயாரான இண்டியம் நைட்ரைடு மென்படலங்களின் உறிஞ்சலிலிருந்து, அதன் இடைவெளி 1.89 எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கிடப்பட்டது. அன்று கிடைத்த படலங்களில் கவனமாகச் செய்த வேலை அது. பாடநூல்களும் 1.9 என்றே எழுதிக்கொண்டன. மூலக்கூறு கற்றை முறையில் தரமான படிகங்கள் வளர்ந்த பிறகு, 2002-இல் ரஷ்யாவின் இயோஃபே நிறுவனம், அமெரிக்காவின் பெர்க்லி, கார்னெல், ஜப்பானின் ரிட்சுமெய்கான் என்று பல இடங்களின் ஆய்வுகள் முற்றிலும் வேறொரு விடையைத் தந்தன. இன்று ஏற்கப்படும் மதிப்பு சுமார் 0.7 எலக்ட்ரான் வோல்ட்.

இது சிறு திருத்தம் இல்லை. 1.9 என்றால் உறிஞ்சல் 650 நானோமீட்டரில், சிவப்பு ஒளியில் தொடங்கும். 0.7 என்றால் 1770-க்கு அருகே, அகச்சிவப்பில். 1100-இல் நின்றுவிடும் சாதாரணக் கருவிக்கு அந்த விளிம்பு கண்ணிலேயே படாது. பழைய மாதிரிகளில் கலந்துவிட்ட ஆக்சிஜனும், அளவுக்கு மீறி நிறைந்திருந்த எலக்ட்ரான்களும் பிழைக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கடத்து பட்டையின் அடிமட்டம் ஏற்கெனவே எலக்ட்ரான்களால் நிரம்பியிருந்தால், புதிய எலக்ட்ரான் அதற்கும் மேலே உள்ள காலி இடத்துக்குப் போயாக வேண்டும். கூடுதல் ஆற்றல் செலவாகும், இடைவெளி பெரிதுபோலத் தோன்றும். 1954-இல் பர்ஸ்டைனும் மாஸும் தனித்தனியே விளக்கிய விளைவு இது. திருத்தம் வந்ததும் ஒரு புதிய வாசல் திறந்தது. இண்டியம் நைட்ரைடையும் 3.4 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட காலியம் நைட்ரைடையும் கலந்தால், 0.7 முதல் 3.4 வரை, சூரிய நிறமாலையின் பெரும்பகுதியைத் தொடும் கலவைகளைக் கருத முடிகிறது.

அவ்வளவு பெரிய வழுக்கல் அரிது. சிறு வழுக்கல்கள் அன்றாடம் நிகழ்கின்றன, அவற்றைத் தவிர்ப்பது எளிது என்பதால் அவை கூடுதல் வருத்தம் தருகின்றன. சாதாரணக் கண்ணாடி மேல் படலத்தைப் பூசி அளந்தால், ஏறக்குறைய 320 நானோமீட்டருக்குக் கீழே கண்ணாடியே ஒளியை விழுங்கத் தொடங்கும். மாதிரியின் விளிம்பு என்று நினைத்துக் கண்ணாடியின் விளிம்பை எழுதிவிட நேரும். குவார்ட்ஸ் தட்டு இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கலங்கலான கரைசல் ஒளியைச் சிதறடித்து வளைகோட்டை மெல்ல மெல்ல உயர்த்தும். 350 நானோமீட்டர் வாக்கில் கருவி ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சிறு படி ஒன்று தோன்றக்கூடும், அதுவும் பொருளின் பண்புபோல மயக்கும்.

டைட்டானியம் டை ஆக்சைடு இந்தத் தவறுகளின் பெரும் களம். 1972-இல் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை மேல் ஒளி பட்டால் நீர் பிளக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும், தரையை எட்டும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை வேலை செய்யவைக்க, நைட்ரஜன் முதல் உலோகங்கள் வரை எத்தனையோ கலந்து பார்த்திருக்கிறார்கள். கலந்ததும் வெள்ளைப் பொடி மஞ்சளாகும். வளைகோட்டில் 400 முதல் 500 நானோமீட்டர் வரை ஒரு தோள் புடைக்கும். அந்தத் தோளின் மேல் கோடு போட்டு, "இடைவெளி 2.5 ஆகக் குறைந்துவிட்டது" என்று எழுதுவது எளிது. பெரும்பாலும் குறைந்திருக்காது. பழைய இடைவெளி அப்படியே இருக்க, கலந்த அணுக்கள் அதற்கு நடுவே தனி நிலைகளை உண்டாக்கியிருக்கும்.

போலந்தின் கிராக்கோவில் உள்ள யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகுவா, பாட்சியா, மாட்சிக் ஆகிய மூவர் 2018-இல் இதைத் தெளிவாக உணர்த்தினார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியோடு மெத்தில் ஆரஞ்சு என்ற சாயத்தைக் கலந்தார்கள். கலவையின் நிறமாலைக்குக் கண்மூடித்தனமாக டாக் முறையைப் போட்டால் இடைவெளி வெகுவாகக் குறைந்ததுபோல விடை வரும். டைட்டானியம் டை ஆக்சைடுக்கோ எதுவுமே நேரவில்லை, பக்கத்தில் சாயம் இருக்கிறது, அவ்வளவுதான். சுழி வரை கோட்டை நீட்டாமல், விளிம்புக்குக் கீழேயுள்ள உறிஞ்சலை ஒட்டி அடித்தளக் கோடு ஒன்று வரைந்து, இரண்டும் வெட்டும் இடத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி.

வேண்டிய விடை வரும் வரை வர்க்கத்துக்கும் வர்க்கமூலத்துக்கும் இடையே மாறி மாறிப் போட்டுப் பார்ப்பது இன்னொரு நோய். ஒரே அனடேஸ் தரவுக்கு வர்க்கம் எடுத்தால் ஒரு விடை, வர்க்கமூலம் எடுத்தால் அதைவிடக் குறைந்த விடை. இரண்டிலும் நேராகத் தெரியும் ஒரு துண்டு எப்படியும் கிடைத்துவிடும். எது சரி என்று சொல்வதற்கு அந்தப் பொருளின் பட்டை அமைப்பைப் பற்றிய அறிவு வேறு வழியில் வந்திருக்க வேண்டும்.

விளிம்பு ஏன் கத்தி வெட்டாக இருப்பதில்லை? வெப்பத்தால் அணுக்கள் அதிர்கின்றன, படிகத்தில் குறைகள் இருக்கின்றன. அதனால் இடைவெளிக்குள்ளும் உறிஞ்சல் ஒரு வாலாக நீள்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரான்ஸ் உர்பாக் 1953-இல், அந்த வால் அடுக்குக்குறி விதிப்படி தேய்வதை விவரித்தார். வால் எவ்வளவு நீளுகிறது என்பதே படிகத்தின் ஒழுங்கை அளக்கும் கோலாக இன்று பயன்படுகிறது. வாலின் மேல் டாக் கோட்டைப் போடுகிறவர், இடைவெளிக்குப் பதிலாக ஒழுங்கின்மையை அளந்துகொண்டிருக்கிறார்.

இவ்வளவு இருந்தும், கவனமாகச் செய்தால் முறை நம்பத்தக்கதே. 2015-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர், துத்தநாக ஆக்சைடு மென்படலங்களுக்குப் பலரும் வெளியிட்டிருந்த டாக் வரைபடங்களைத் திரட்டி மறுபடி கோடு போட்டுப் பார்த்தார்கள். விளிம்பு கூர்மையாக இருந்த மாதிரிகளின் விடைகள் 3.276 எலக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றித் திரண்டன, சிதறல் 0.033 மட்டுமே. தனிப்படிகத்தின் மதிப்போடு அது நன்றாகப் பொருந்தியது. அப்படியானால் ஒரே ஒரு வரைபடத்திலிருந்து மூன்று தசம இடங்களுக்கு விடை எழுதுபவர் தன் அளவீட்டுக்கு இல்லாத துல்லியத்தை அதற்குக் கொடுக்கிறார்.

கரிமக் குறைக்கடத்திகளில் இன்னொரு நுட்பம் சேர்ந்துகொள்கிறது. அங்கே ஒளியால் எழுந்த எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். இந்த இணைக்கு எக்சிட்டான் என்று பெயர். நிறமாலை காட்டுவது இந்த இணையை உண்டாக்கத் தேவையான ஆற்றலை. இரண்டையும் பிரித்து மின்னோட்டமாக்க, பல கரிமப் பொருள்களில் மேலும் சில பத்தில் ஒரு பங்கு எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஒளியியல் இடைவெளி என்று அடைமொழி சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்று இந்த அளவீடு மிகக் கூர்மையாகத் தேவைப்படும் இடம் அடுக்குச் சூரிய மின்கலம். சிலிக்கான் மட்டும் கொண்ட கலத்தின் கோட்பாட்டு உச்சம் ஏறக்குறைய 29.4 விழுக்காடு. அதன் மேல் பெரோவ்ஸ்கைட் என்னும் படிக வகைப் பொருளின் படலம் ஒன்றை அமைத்தால், குறுகிய அலைநீளங்களை மேல் அடுக்கும் நீண்டவற்றைக் கீழ் அடுக்கும் பங்கிட்டுக்கொள்ளும். சீனாவின் லோங்கி நிறுவனம் 2024-இல் இந்த வகையில் 34.6 விழுக்காட்டை எட்டியது. இரண்டு அடுக்குகளும் தொடராக இணைந்திருப்பதால், குறைந்த மின்னோட்டம் தரும் அடுக்கே மொத்தத்தையும் கட்டுப்படுத்தும். ஆகவே மேல் அடுக்கின் இடைவெளி 1.7 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அமைய வேண்டும். அயோடைடு மட்டும் உள்ள பெரோவ்ஸ்கைட்டுக்கு ஏறக்குறைய 1.6, புரோமைடு மட்டும் உள்ளதற்கு 2.3. இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலந்து, விளிம்பை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

கொண்டுவந்த விளிம்பு அங்கேயே நிற்குமா என்பது அடுத்த கேள்வி. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புரோமைடு மிகுந்த கலவைகள் மேல் ஒளி பட்டபோது அயோடைடும் புரோமைடும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிவதைக் கண்டார்கள். ஒளியை நிறுத்தி இருட்டில் வைத்தால் பழைய நிலைக்கே அவை திரும்பின. முக்கிய விளிம்பின் சிவப்புப் பக்கத்தில் சிறு தோள் எழும்புவது அந்தப் பிரிவின் அடையாளம். ஆகவே பெரோவ்ஸ்கைட் கலவையைச் செய்பவர்கள் தயாரித்த அன்று எடுத்த ஒரு நிறமாலையோடு நின்றுவிடக் கூடாது. ஒளியில் வைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வளைகோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, தோள் ஏதும் எழவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கோடு போட வேண்டும்.